பூட்டிய மிதிவண்டியும் களவு போவது ஏன்?

இல்லத்தின் சொத்துக் கணக்கை எழுதச் சொன்னால் வீடு, மனை, நகை, வைப்புத்தொகை, மோட்டார் வாகனம் என்று வரிசையிடுவோம். வாசலில் சாய்ந்து நிற்கும் மிதிவண்டி அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. ஆயினும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. மோட்டார் இருசக்கர வாகனம் வைத்திருந்த குடும்பங்கள் அன்று 21 விழுக்காடு மட்டுமே.

பால் ஊற்றுபவர், நாளிதழ் போடுபவர், இரவுக் காவலர், கட்டுமானத் தொழிலாளி ஆகியோரின் நாள் மிதிவண்டியில்தான் தொடங்குகிறது. பீகாரில் 2006 முதலும், மேற்கு வங்கத்தில் ‘சபுஜ் சாதி’ திட்டத்தின் வழியே 2015 முதலும் மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கப்படுவது, பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையிலான தொலைவு படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே. அத்தகைய வண்டி களவு போனால், இழப்பு அதன் விலையோடு முடிவதில்லை. நாளொன்றுக்குப் பேருந்துக் கட்டணம் 30 ரூபாய் எனக் கொண்டாலும், 25 வேலை நாட்களுக்கு 750 ரூபாய் கூடுதல் செலவு. பேருந்தே இல்லாத ஊரில் அது ஒருவரது வேலையின் இழப்பாகவும் ஆகலாம். விட்டோரியோ டி சிக்காவின் 1948ஆம் ஆண்டு இத்தாலியத் திரைப்படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ இதைத்தான் பேசிற்று: படுக்கை விரிப்புகளை அடகு வைத்து மீட்ட மிதிவண்டி, வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே திருடப்படுகிறது.

மோட்டார் வாகனத்திற்குப் பதிவெண் உண்டு. எஞ்சின் எண், சேசிஸ் எண், கட்டாயக் காப்பீடு ஆகியவையும் உண்டு. மிதிவண்டிக்கு இவை எவையும் இல்லை. முற்காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டு வரி பெற்றுக்கொண்டு வழங்கிய தகர வில்லைகளும் மறைந்துவிட்டன. 250 வாட்டுக்கு உட்பட்ட திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்டு, உரிய விதிகளுக்கு இணங்கிய மின் மிதிவண்டிகளுக்கும் பதிவு தேவையில்லை. ஆகவே வண்டி நம்முடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும், அதைக் காக்கும் பொறுப்பும் நம்மையே சேர்கின்றன.

பூட்டின் உண்மையான பணி

உடைக்கவே இயலாத பூட்டு என்று ஒன்று இல்லை. மின்கலத்தில் இயங்கும் கையடக்கக் கிரைண்டர் தடித்த எஃகையும் சிறிது நேரத்தில் அறுத்துவிடும். அப்படியானால் பூட்டு எதற்கு? வங்கிகளும் வணிக நிறுவனங்களும் பயன்படுத்தும் பெட்டகங்களைத் தரம் பிரிக்கும் முறையில் இதற்கு விடை இருக்கிறது. குறிப்பிட்ட கருவிகளால் தாக்கினால் ஒரு பெட்டகம் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்பதே அங்கு அளவுகோல். மிதிவண்டிப் பூட்டிற்கும் அதுவே பொருந்தும். திருடுபவருக்கு நேரமும் அமைதியும் வேண்டும். நேரத்தைப் பறிப்பதும் சத்தத்தை உண்டாக்குவதுமே பூட்டின் பணி.

திருடுவோரையும் நாம் வகைப்படுத்திக்கொள்ளலாம். கருவி ஏதுமின்றி, பூட்டாத வண்டியை ஏறி மிதித்துச் செல்பவர் முதல் வகை. சிறு கட்டரையோ ஆக்சா பிளேடையோ பையில் வைத்திருப்பவர் இரண்டாம் வகை. சரக்கு வண்டியும் மின்கருவியும் கொண்டு திட்டமிட்டு வருபவர் மூன்றாம் வகை. சக்கரத்தையோ சீட்டையோ மட்டும் கழற்றிச் செல்பவர் நான்காம் வகை. முதல் இரு வகையினரை நல்ல பூட்டும் சரியாகப் பூட்டும் முறையும் பெரும்பாலும் தடுத்துவிடும். மற்ற இரு வகையினருக்கு இடத் தேர்வும் துணை ஏற்பாடுகளும் வேண்டும்.

எந்தப் பூட்டு, எதற்கு?

பூட்டுத் தொழிலில் நம் நாட்டிற்கு நெடிய மரபு உண்டு. உத்தரப்பிரதேசத்தின் அலிகார் ‘பூட்டு நகரம்’ என்றே அழைக்கப்படுகிறது. அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் தொடங்கியது பூட்டுத் தொழிலே. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் கதவைக் காக்கும் பூட்டும் மிதிவண்டியைக் காக்கும் பூட்டும் ஒன்றல்ல. கதவு இடம் பெயராது. மிதிவண்டியைப் பூட்டோடு சேர்த்தே தூக்கிச் செல்லலாம்.

பின்சக்கர வளையப் பூட்டு: நம் நாட்டுச் சாதாரண மிதிவண்டிகளில் பின்சக்கரத்தின் மேல் பொருத்தப்பட்டு, ஆரக்கம்பிகளுக்கு இடையே ஒரு கம்பியைச் செலுத்தும் பூட்டு இது. எப்போதும் வண்டியிலேயே இருப்பதால் மறக்க வாய்ப்பில்லை என்பது இதன் நன்மை. சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுப்பதைத் தவிர வேறெதையும் இது செய்வதில்லை என்பது குறை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்தில் உருட்டிச் சென்றால், பார்ப்பவர் பழுதான வண்டி என்றே எண்ணுவர். கண்ணெதிரே உள்ள கடையில் இரண்டு நிமிட வேலை என்றால் இது போதும். அதற்கு மேல் போதாது.

கம்பிவடப் பூட்டு: எடை குறைவு, விலையும் குறைவு என்பதால் மிகுதியாக விற்பது இதுவே. கண்ணுக்குத் தெரியும் தடிமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறையாகவே இருக்கும். உள்ளே மெல்லிய கம்பி இழைகளின் முறுக்கு. கைக் கட்டருக்கு இது சில நொடி வேலை. ஆகவே இதனைத் தனித்து நம்பாமல், முன்சக்கரத்தையும் சீட்டையும் பிணைக்கும் இரண்டாம் பூட்டாகக் கொள்வதே தகும்.

எண் பூட்டு: சாவி தொலையும் கவலை இல்லை. ஆனால் மூன்று இலக்கப் பூட்டில் இருப்பவை 1,000 எண்களே. ஒரு முயற்சிக்கு இரண்டு நொடி என்றாலும், எல்லா எண்களையும் சுமார் 33 நிமிடங்களில் முயன்று முடிக்கலாம். நான்கு இலக்கம் என்றால் 10,000 எண்கள். ஐந்தரை மணி நேரத்திற்கும் மேல் ஆகும். எனினும் மலிவான பூட்டுகளை இழுத்துப் பிடித்து வளையங்களைச் சுழற்றினால், சரியான இலக்கத்தில் அவை இறுகுவதை விரலால் உணர முடியும். வாங்கும்போது இருந்த 0000 என்ற எண்ணை மாற்றாமல் விடுவதும், பிறந்த ஆண்டையே எண்ணாக வைப்பதும் கூடா. ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணை மிதிவண்டிப் பூட்டிற்கு வைப்பது அதனினும் தீது. வீட்டிலுள்ள அனைவருக்கும், நண்பர்களுக்கும் சொல்லப்படும் எண் அது.

சங்கிலி: கடையில் எடைக்கு விற்கும் சாதாரண இரும்புச் சங்கிலியை ஆக்சா பிளேடு எளிதில் அறுத்துவிடும். கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியே பயன் தரும். அதன்மேல் பிளேடு பற்றாமல் வழுக்கும். கண்ணியின் தடிமன் 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கைக் கட்டர்கள் திணறும். எடை இரண்டு கிலோவையும் தாண்டலாம் என்பதே இடர். எனவே வீட்டிலும் பணியிடத்திலும் நிலையாக விட்டுவைக்க இது ஏற்றது. சங்கிலியில் 800 ரூபாய் செலவிட்டு, அதில் 50 ரூபாய்ப் பூட்டைத் தொங்கவிடுவதில் பொருளில்லை. பூட்டும் சங்கிலிக்கு ஈடாக இருத்தல் வேண்டும்.

‘யு’ வடிவப் பூட்டு: வளைந்த கடின எஃகுத் தண்டும் குறுக்குப் பட்டையும் கொண்ட இப்பூட்டு, எடைக்கும் பாதுகாப்பிற்கும் இடையே நல்ல சமநிலை உடையது. தண்டின் தடிமன் 12 மில்லிமீட்டருக்குக் குறையாதிருப்பது நன்று. 14 என்றால் இன்னும் நன்று. அளவில் சிறியதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டிய பின் வளைவினுள் வெற்றிடம் மிகுந்தால், நெம்புகோலை நுழைத்துப் பிளக்க இடம் கிடைத்துவிடும். தடித்த தூண்களில் மாட்ட இயலாமை இதன் குறை.

மடிப்புப் பூட்டு: எஃகுப் பட்டைகளைக் கீல்களால் இணைத்தது, மடித்து பிரேமில் மாட்டிக்கொள்ளலாம். பட்டைகளை இணைக்கும் ஆணிகளே இதன் நலிந்த இடம் என்பதால், தரமான தயாரிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்.

எஃகு மட்டுமன்றிச் சாவித் துவாரமும் கருதத்தக்கது. 2004இல் அமெரிக்காவில், உருளை வடிவச் சாவி கொண்ட கிரிப்டோனைட் நிறுவனத்தின் ‘யு’ பூட்டுகளைச் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறக்க முடிகிறது என்பது வெளிப்பட்டது. புகழ்பெற்ற அந்நிறுவனம் பழைய பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. தண்டு எவ்வளவு தடித்திருந்தாலும், சாவி அமைப்பு எளிதாயின் பயனில்லை என்பதே பாடம். வெட்டுகள் பல கொண்ட தட்டைச் சாவிகளையும், இருபுறமும் குழிவு செதுக்கிய சாவிகளையும் நாடலாம். இங்கிலாந்தின் ‘சோல்டு செக்யூர்’, நெதர்லாந்தின் ‘ஏஆர்டி’ ஆகியவை பூட்டுகளைச் சோதித்துத் தரமளிக்கும் அமைப்புகள். இறக்குமதிப் பூட்டுகளின் உறையில் இக்குறிகள் இருந்தால் அவற்றைக் கவனிக்கலாம்.

எவ்வளவு செலவிடலாம்? வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது மிதிவண்டி ஓட்டுவோரிடையே வழங்கும் கணக்கு. 6,000 ரூபாய் வண்டிக்கு 600 ரூபாய். 25,000 ரூபாய் வண்டிக்கு 2,500 ரூபாய். இது சட்டமன்று. நெரிசலான ரயில் நிலையத்தில் நாள் முழுதும் நிற்கும் வண்டிக்குக் கூடுதலாகவும், மாலையில் மட்டும் வெளியே செல்லும் வண்டிக்குக் குறைவாகவும் செலவிடலாம்.

எதில், எப்படிப் பூட்டுவது?

விலையுயர்ந்த பூட்டைத் தவறாகப் பூட்டுவதைவிட, எளிய பூட்டைச் சரியாகப் பூட்டுவது நன்று. பூட்டு மூன்றைச் சேர்த்துப் பிணைக்க வேண்டும்: பிரேம், ஒரு சக்கரம், அசையாத பொருள். முன்சக்கரத்தை மட்டும் தூணோடு பூட்டினால், சக்கரத்தை அங்கேயே விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுசெல்லலாம். நெம்புகோலைத் திருப்பியவுடன் கழலும் ‘குவிக் ரிலீஸ்’ சக்கரங்களில் இது நொடியில் நடக்கும்.

சிறிய ‘யு’ பூட்டு மட்டும் கையில் இருந்தால், அதைப் பின்பிரேமின் முக்கோணத்திற்குள் அமையும் பின்சக்கரப் பகுதியில் செலுத்தித் தூணோடு பூட்டலாம். ரிம் அந்த முக்கோணத்தினின்று வெளிவர இயலாது. ஆதலால் பிரேமும் காக்கப்படும். மிதிவண்டி நுட்பங்களை எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்கரான ஷெல்டன் பிரவுன் பரப்பிய முறை இது.

தூணைத் தேர்வதிலும் கவனம் தேவை. இளமரக் கிளையை ஒடித்துவிடலாம். உயரம் குறைந்த கம்பத்தில் பூட்டினால் வண்டியை மேலே தூக்கிக் கழற்றிவிடலாம். நட்டுபோல்டால் இணைத்த வேலி கழன்றுவிடும். நிலத்தில் ஆழப் பதித்த இரும்புக் குழாய், சுவரில் பதித்த வளையம், உறுதியான கிராதி ஆகியன ஏற்றவை. பூட்டு தரையில் படியாதவாறு உயர்த்திப் பூட்டுதல் நலம். தரைமீது கிடந்தால், சுத்தியலால் அடிப்பவருக்குத் தரையே பட்டறைக் கல்லாகிவிடும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருந்தால் கருவி நுழைப்பதும் கடினம், மழைநீரும் இறங்காது.

வெளியில் நிற்பவை மட்டுமே களவு போவதில்லை. வீட்டு வாசல், மாடிப்படியின் அடி, அடுக்ககத்தின் வாகன நிறுத்தம் ஆகியவற்றில் நாம் பூட்ட மறக்கிறோம். நமக்குப் பழகிய இடம் என்பதாலேயே அது பாதுகாப்பான இடமாகிவிடாது. இரவில் அங்கும் தூணோடு பூட்ட வேண்டும். மின் மிதிவண்டியாயின், கழற்றக்கூடிய மின்கலத்தைக் கழற்றி உள்ளே எடுத்துச் செல்வது நல்லது. ஜிபிஎஸ், புளூடூத் வில்லைகளைச் சீட்டின் அடியில் மறைத்து வைப்போரும் உளர். அவை வண்டி இருக்குமிடத்தைத் தேட உதவும்; திருட்டைத் தடுக்கமாட்டா.

பூட்டையும் பேண வேண்டும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். தூசியைச் சேர்த்துப் பிசுக்காகும். ஆகவே அதைத் தவிர்த்து, தையல் இயந்திர எண்ணெயையோ கிராஃபைட் தூளையோ மழைக்காலத்திற்கு முன்பும் பின்பும் இடலாம். மாற்றுச் சாவியை வீட்டில் தனியே வைத்திருக்க வேண்டும்.

களவு போகுமுன் செய்ய வேண்டிய பதிவு

பெரும்பாலான மிதிவண்டிகளில் வரிசை எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு மிதிகளும் இணையும் அச்சுக்கூட்டின் அடியில் பார்த்தால் தெரியும். சில வண்டிகளில் சீட்டுக் குழாயின் மேல் இருக்கும். அந்த எண்ணை எழுதிவைத்து, படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் முழுத் தோற்றம், நிறம், தழும்பு, மாற்றிய பாகங்கள் ஆகியவற்றின் படங்களோடு, விலைச் சீட்டின் படத்தையும் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் சேமித்துவைக்கலாம். விலைச் சீட்டு தொலைந்திருந்தால், அட்டை வழியாகவோ யூபிஐ வழியாகவோ செலுத்திய தொகை வங்கிக் கணக்கு அறிக்கையில் இருக்கும். அதுவும் ஓர் ஆதாரமே.

களவு போனால்…

முதலில், நாம் நிறுத்திய இடம் அதுதானா, இடையூறாக நின்றதால் காவலரோ ஊழியரோ அகற்றினரா என்று விசாரிக்க வேண்டும். அருகிலுள்ள கடைகளில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், பதிவு அழியுமுன் பாதுகாத்து வைக்குமாறு அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியில் தொங்கிய பையில் அட்டையோ காசோலைப் புத்தகமோ இருந்திருந்தால், அவற்றை முடக்குவதே முதல் வேலை.

அடுத்தது காவல்துறைப் புகார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, திருட்டிற்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதில் மிதிவண்டி உரிமையாளர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டை, நீதித்துறை நடுவரின் ஆணையின்றிக் காவலர் நேரே புலனாய்வு செய்ய இயலாத வகையிலும் சட்டம் வைத்திருக்கிறது. ஆகவே வண்டியின் மதிப்பைக் காட்டும் சீட்டு வெறும் காகிதம் அன்று. புகாரின் போக்கையே அது தீர்மானிக்கக்கூடும். வீட்டினுள்ளிருந்து திருடுவது 305ஆம் பிரிவின்கீழ்த் தனிக் குற்றம். அதற்கு ஏழாண்டு வரை சிறை உண்டு.

நேரடிப் புலனாய்வுக்கு உரிய குற்றமாயின், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பாராமல் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம்; மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறுவது புகார்தாரரின் உரிமை. பதிவு செய்ய மறுத்தால், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்பலாம். ரயில் நிலைய வளாகத்தில் களவு போனால் அரசு ரயில்வே காவல்துறையை அணுக வேண்டும்.

கட்டணம் செலுத்தி நிறுத்திய இடத்தில் வண்டி காணாமற்போனால் என்ன செய்வது? ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பலரும் திரும்பிவிடுகின்றனர். பிறர் பொருளைக் காவலில் ஏற்றவர், தம் பொருளைக் காப்பது போன்ற கவனத்தோடு காக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. விடுதி ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த கார் களவு போன வழக்கில், இத்தகைய அச்சு வாசகத்தைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவிற்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. மிதிவண்டி நிறுத்தத்தில் வண்டியை அவர்கள் காவலில் ஏற்றனரா, இடத்தை மட்டும் தந்தனரா என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். எனினும் சீட்டைப் பத்திரப்படுத்தி, எழுத்தில் புகார் தந்து ஒப்புகை பெறுவது அவசியம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் புகார்களுக்கு மனுக் கட்டணம் இல்லை.

காப்பீடும் சேமிப்பும்

பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் வீட்டுத் தொகுப்புக் காப்பீடுகள் சிலவற்றில், மிதிவண்டிக்கெனத் தனிப் பிரிவு உண்டு. நம்மிடம் முன்னரே உள்ள காப்பீட்டில் அப்பிரிவு சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். வண்டி பூட்டப்பட்டிருக்க வேண்டுமா, உதிரிபாகம் மட்டும் களவு போனால் ஈடு கிடைக்குமா, தேய்மானம் எவ்வளவு கழிப்பர், எத்தனை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே கையொப்பமிடுதல் நலம். விலை குறைந்த வண்டிக்குக் காப்பீட்டைவிடச் சேமிப்பே பொருந்தும். மாதம் 300 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்தினால், 24 மாதங்களில் அசல் மட்டும் 7,200 ரூபாய். வண்டி பாதுகாப்பாக இருந்தால், அதுவே அடுத்த தேவைக்கு உதவும்.

இழப்பின் மேல் இன்னோர் இழப்பு

காணாமற்போன வண்டியின் படத்தையும் கைப்பேசி எண்ணையும் பலர் சமூக ஊடகங்களில் பகிர்கின்றனர். அதைக் கண்டு, ‘வண்டி எங்களிடம் இருக்கிறது, அனுப்பும் செலவிற்கு முன்பணம் தாருங்கள்’ என்றோ, ‘தொகையை உங்களுக்கே திருப்புகிறோம், இக்குறியை ஸ்கேன் செய்யுங்கள்’ என்றோ மோசடியாளர் அழைக்கக்கூடும். பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. வண்டியின் வரிசை எண்ணைச் சொல்லச் சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். அதனால் அந்த எண்ணை மட்டும் எங்கும் பகிராமல் காவல்துறைக்கே தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோனால், தாமதியாமல் 1930 என்ற எண்ணையும் தங்கள் வங்கியையும் அழைக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது 317ஆம் பிரிவின்படி குற்றம். சந்தை விலையில் கால் பங்கிற்குக் கிடைக்கும் வண்டி, வரிசை எண் சுரண்டப்பட்ட வண்டி, விலைச் சீட்டு இல்லாத வண்டி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வாங்க ஆளிருக்கும் வரை திருட்டும் தொடரும். வாங்குவோர் குறைந்தால் திருடுவதில் பயனும் குறையும்.

நினைவிற் கொள்க

• பிரேம், ஒரு சக்கரம், அசையாத பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பூட்டுக.
• வளையப் பூட்டோடு நில்லாமல், ‘யு’ பூட்டோ கடின எஃகுச் சங்கிலியோ சேர்க்க.
• வீட்டு வாசலிலும் பூட்டுக.
• பூட்டின் எண்ணும் ஏடிஎம் எண்ணும் வேறுவேறாக இருக்கட்டும்.
• வரிசை எண், படம், விலைச் சீட்டு ஆகியவற்றை இன்றே சேமிக்க.
• களவு போனால் அன்றே புகார் அளித்து, அறிக்கையின் படியைப் பெறுக.
• கட்டண நிறுத்தத்தின் சீட்டை வண்டியில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்க.